சுவருக்குள் நின்ற சிவப்பு வண்டி

மதினி,

இன்று காலை லேபுக்குப் பக்கத்து வீட்டில் சுவரை இடித்தார்கள். நான் ஒரு பெரியவரின் கையில் ஊசியை ஏற்றிக்கொண்டிருந்தேன். பழைய சுண்ணாம்பும் அடைபட்ட காற்றும் கலந்த அந்த வாசனை, ஸ்பிரிட் வாசனையைத் தள்ளிக்கொண்டு ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. என் கை நின்றுவிட்டது. நரம்பு கிடைக்கவில்லையா என்று பெரியவர் கேட்டார். கிடைத்துவிட்டது என்று சொல்லி, ரத்தத்தை எடுத்து அவரை அனுப்பிவைத்தேன். அதன்பின் வேலை ஓடவில்லை. மதியம் கதவைச் சாத்திவிட்டு உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்பது தெரிந்துதான் எழுதுகிறேன்.

உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே பார்த்தேன், ராஜபாளையத்தில் உங்களைத் தெரியாதவர்கள் குறைவு. மாமா விட்டுப்போன பேண்டேஜ் துணித் தறிகளை ஒற்றை ஆளாக நடத்தியவர் என்பதால் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு உங்கள் கார்களால் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்றீர்கள், நகை வேண்டாம் என்றீர்கள். தறிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு, அதில் சின்னச் சின்ன இத்தாலிக் கார்களாகச் சேர்த்துக்கொண்டே போனீர்கள். மாமா ஓட்டிய லெவன் ஹண்ட்ரட் அதில் முதல். பிறகு சாம்பல் நிறப் பாலியோ ஒன்று. அதன் எஞ்சினை வெளியே எடுத்து வைத்து, கொட்டகைத் தரையில் மாதக்கணக்கில் அதோடு குடித்தனம் நடத்தினீர்கள். அடுத்தது மூக்கில் தேள் சின்னம் போட்ட வெள்ளை வண்டி. அதைக் கொச்சியில் வாங்கி, செங்கோட்டைப் பாதை வழியாக நீங்களே ஓட்டிக்கொண்டு வந்து, தூசியோடு எங்கள் வாசலில் நிறுத்தியது நினைவிருக்கிறது. தறிக்காரர்கள் அதற்குத் தேள் வண்டி என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

பெரிய கார் ஏன் வாங்கவில்லை என்று நான் ஒருமுறை கேட்டேன். தேள் வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்துகொண்டிருந்தோம். வலப்பக்கம் வயல்கள் பின்னோக்கி ஓடின. "பெரிய வண்டியில வேகம் வெளியதான் நிக்கும் ஏட்டி," என்றீர்கள். "சின்ன வண்டியில அது உள்ள வந்து நம்ம பக்கத்துலயே உக்காரும்." அப்போது அது எனக்கு அழகான பேச்சாகத் தோன்றியது.

சிவப்பு வண்டியைப் பற்றி உங்களுக்கு முதலில் சொன்னவள் நான்தான். எங்கள் லேபுக்குச் சர்க்கரை பார்க்க வரும் ஓர் அம்மா, ரத வீதிக்குப் பின்னால் இருந்த பழைய பஞ்சு வியாபாரி வீட்டைச் சேர்ந்தவர். எண்பதை நெருங்கியவர், தனியாக இருந்தார். வீட்டை இடிக்கக் கொடுத்துவிட்டு பெங்களூரில் மகளிடம் போகப்போவதாகச் சொன்னார். எல்லாவற்றையும் ஒழித்தாயிற்று, வாசல் இல்லாத அறை ஒன்றுதான் பாக்கி, அதற்குள் அண்ணனுடைய கார் நிற்கிறது என்றார். என்ன கார் என்று கேட்டேன். "சின்னது. இத்தாலிக்காரன் விட்டுட்டுப் போனது," என்றார்.

அன்று சாயங்காலமே நீங்கள் வந்துவிட்டீர்கள். முன்னொரு காலத்தில் ராஜபாளையத்து மில் ஒன்றுக்கு இயந்திரம் பூட்ட வந்த இத்தாலிய இன்ஜினியர், ஊருக்குத் திரும்பும்போது அந்த அம்மாவுடைய அண்ணனிடம் அதைக் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்த அம்மா விவரித்ததை வைத்தே நீங்கள் வண்டியைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். எஞ்சின் பின்பக்கம்தானே, அதன் மூடியைச் செத்த திறந்து வைத்தபடியேதானே ஓட்டுவார்கள் என்று கேட்டீர்கள். ஆமாம் என்று தலையாட்டினார். பந்தயத்துக்காகவே செய்த குட்டி வண்டி அது, மூச்சு முட்டாமல் இருக்க அப்படித் திறந்து வைப்பார்கள் என்று எனக்கு விளக்கினீர்கள்.

சுவரை இடித்த நாளில் நாம் மூவரும் கொல்லையில் நின்றோம். கொத்தனார் ஆள் நுழையும் அளவுக்கு உடைத்ததும் அந்தக் காற்று வெளியே வந்தது. அதைத்தான் இன்று காலை மறுபடி முகர்ந்தேன். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனோம். நான்கு டயரும் தரையோடு அமுங்கி, மேலெல்லாம் கம்பளி போலத் தூசி படிந்து அது நின்றது. பின் மூடி வாயைப் போலத் திறந்திருந்தது. நீங்கள் முன்கண்ணாடியின் தூசியைக் கையால் வழித்தீர்கள். உள்பக்கம் ஆவி படிந்திருந்தது, மதினி. மழை நாளில் ஆள் உட்கார்ந்திருக்கும் காரில் படியுமே, அப்படி. ஓட்டுகிறவர் பக்கம் மட்டும். சுவர் உடைந்ததும் வெளிக்காற்று பட்டிருக்கும் என்றார் கொத்தனார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஆவி ஓரத்திலிருந்து மெல்ல விலகி மறைந்தது.

பிறகுதான் அந்த அம்மா நடந்ததைச் சொன்னார். அண்ணன் தினமும் சாயங்காலம் அய்யனார் கோவில் பக்கம் வண்டியை எடுத்துக்கொண்டு போவாராம். ஒருநாள் போனவர் திரும்பவில்லை.

"வண்டி வந்துச்சு. அவிய வரல," என்றார். "நான் வாசல்லதான் நின்னேன். கேட்டுக்குள்ள வந்து நின்னுச்சு. எஞ்சின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அண்ணன் இறங்குவாவன்னு பாத்துக்கிட்டே நிக்கேன். ஒருத்தரும் இறங்கல."

ஊரில் பலவிதமாகப் பேசினார்களாம். அவரே கொண்டுவந்து நிறுத்திவிட்டு மறுபக்கமாக இறங்கி எங்கோ போய்விட்டார் என்றார்கள். வழியில் பார்த்தவர்களோ ஓட்டுநர் இல்லாமலே வண்டி வந்தது என்றார்கள். அதற்கு நீங்கள் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். அந்த ஊர் வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம், நம் ஆட்கள் வலது இருக்கையைப் பார்த்திருப்பார்கள், காலியாகத்தான் தெரிந்திருக்கும் என்றீர்கள். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். "நான் ரெண்டு பக்கமும் பாத்தேன்மா," என்றார்.

தேடாத இடமில்லையாம். மலையில் தேடினார்கள், அருவியில் தேடினார்கள், கிணறுகளில் தேடினார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய தாய் தினமும் சாயங்காலம் அந்த வண்டியில் வலது இருக்கையில் போய் உட்கார ஆரம்பித்தார். இடப்பக்கம் திரும்பிப் பேசுவார். நிறுத்துவார், கேட்பார், சிரிப்பார், மறுபடி பேசுவார். சாப்பிடக் கூப்பிட்டால், பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கிறான், பாதியில் எப்படி வர என்பாராம். பிறகு இறங்குவதே இல்லை என்று ஆனது. ஒருநாள் அவரை உறவினர் வீட்டுக்கு அழைத்துப் போயிருந்த நேரத்தில் அப்பா கொத்தனாரை வைத்து அந்த அறையை அடைத்துவிட்டார். திரும்பி வந்த தாய் சண்டை போடவில்லை, அழவுமில்லை. சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடைசிவரைக்கும் சுவரோடுதான் பேச்சு.

வண்டியை உங்களிடம் ஒப்படைக்கும்போது அந்த அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஓட்டணும். ஓட்டத்தான் தாரேன். ஆனா தனியா ஓட்டாதீய."

நீங்கள் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டினீர்கள். அப்படித்தான் நான் வலது இருக்கைக்கு வந்து சேர்ந்தேன்.

மதுரையிலிருந்து மெக்கானிக் வந்து தங்கி வேலை பார்த்தார். வெளிநாட்டிலிருந்து கார்புரேட்டர் சாமான்கள் பார்சலில் வந்தன. ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. எல்லா இருக்கைகளுக்கும் புது உறை தைத்தீர்கள், வலது இருக்கையைத் தவிர. அதில் அந்தத் தாய் உட்கார்ந்து உட்கார்ந்து ஏற்பட்ட பள்ளம் இருந்தது. அதைத் தொடவேண்டாம் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டீர்கள். நான் உட்காரும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தினேன். அது எனக்குப் பிடிக்கவில்லை. உங்களிடம் சொன்னதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போவோம். தேனீக்கூட்டைப் பின்னால் கட்டிக்கொண்டு போவதுபோல அதற்கு ஒரு சத்தம். எதிரே வருபவர்கள் என்னைத்தான் ஓட்டுநர் என்று நினைத்து, கையில் ஸ்டியரிங் இல்லாததைக் கண்டு திகைப்பார்கள். சஞ்சீவி மலையைத் தாண்டி மேற்கே திரும்பினால் மாந்தோப்புகள். அங்கே சாலை வளைந்து வளைந்து போகும். நீங்கள் பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே வேகத்தைக் குறைத்து வளைவுக்குள் வண்டியை விடுவீர்கள். அறுபது வயது முகத்தில் அப்போது ஒரு பளபளப்பு வரும். எனக்குப் பயமும் சந்தோஷமும் சேர்ந்தே இருக்கும்.

அந்தத் தோப்புச் சாலையில் ஒரு மழைக்காலத்துக் காலை. இருவருமே பேசாமல் வந்துகொண்டிருந்தோம். நீங்கள் சாலையைப் பார்த்தபடியே, "ம்... அப்படியா?" என்றீர்கள். செத்த நேரம் கழித்து, "பொறவு?" என்றீர்கள். நான் எதுவும் சொல்லவில்லையே மதினி என்றேன். நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். "நீதானே ஏட்டி ஏதோ சொல்லிக்கிட்டு வந்த," என்றீர்கள். முகத்தில் விளையாட்டு இல்லை. எஞ்சின் சத்தத்தில் காது ஏமாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த விளக்கத்தை இப்போதும் கைவிடவில்லை.

பிறகு உங்களுக்கு வயிற்று வலி வந்தது. மதுரையில் பார்த்துவிட்டு நேராக லேபுக்கு வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னீர்கள். கணையம் என்றீர்கள். கீமோ வேண்டாம், வலிக்கு மட்டும் மாத்திரை போதும் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் வந்திருந்தீர்கள். உங்கள் தம்பி அழுதார். அவர் எதையும் மெதுவாகச் செய்கிறவர், உங்கள் கார் எதிலும் ஒருநாளும் ஏறாதவர். அக்கா அக்கா என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தார்.

கார்களுக்கு நீங்களே ஆள் பார்த்தீர்கள். கேட்டு வந்தவர்களையெல்லாம் ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். லெவன் ஹண்ட்ரட் நாகர்கோவில் டாக்டர் ஒருவருக்குப் போனது. பாலியோவைச் சிவகாசியில் ஒரு கல்லூரி ஆசிரியர் எடுத்துக்கொண்டார். தேள் வண்டிக்கு வந்த கோயம்புத்தூர்ப் பெண், முதல் வளைவிலேயே உங்களைச் சிரிக்க வைத்துவிட்டாள். சாவியை அவள் கையில் வைத்து மூடினீர்கள். சிவப்பு வண்டியை யாருக்கும் காட்டவில்லை. அதை யாருக்குத் தரப்போகிறீர்கள் என்று கேட்டேன். "அது என் வண்டி இல்லையே," என்றீர்கள்.

ஐப்பசி ஆரம்பத்தில் ஒரு காலை, நானும் உங்கள் தம்பியும் ராஜபாளையம் வந்தபோது கொட்டகை திறந்து கிடந்தது. நீங்கள் இல்லை, வண்டி இல்லை. தறிக்காரப் பெண்ணிடம் கேட்டோம். அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு, தனியாகத்தான் எடுத்துப் போனார்கள் என்றாள். போன் வீட்டிலேயே இருந்தது. உங்கள் தம்பி பைக்கை எடுத்துக்கொண்டு தோப்புப் பக்கம் தேடிப் போனார். நான் கேட் ஓரம் நின்றேன்.

வெயில் உச்சிக்கு வந்தபோது அந்தத் தேனீச் சத்தம் கேட்டது. தெருமுனையில் சிவப்பு தெரிந்தது. வண்டி உள்ளே வந்து நின்றது. வெயில் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது, உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. அசைய முடியவில்லை, மதினி. அந்த அம்மா சின்னப் பெண்ணாக வாசலில் நின்ற அந்த நேரம் என்னவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

எஞ்சின் நின்றது. இடது கதவு திறந்தது. நீங்கள் இறங்கினீர்கள்.

நான் ஓடிவந்து பிடித்துக்கொண்டேன். உடம்பு இறகுபோல இருந்தது, முகம் அமைதியாக இருந்தது. நாற்காலியில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னீர்கள்.

"அந்தப் பையன் நல்லாப் பேசுதான் ஏட்டி. அவிய அம்மா ஒண்ணும் பைத்தியம் இல்ல."

வலி மாத்திரை அப்படிப் பேச வைக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஆனாலும் அன்று சாயங்காலம் பெங்களூருக்குப் போன் செய்தேன். அந்த அம்மாவுக்கு அதைச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நீங்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "என்னைப் பத்தி எதுவும் கேட்டாவளா?" என்றார்.

போனைப் பொத்திக்கொண்டு உங்களைப் பார்த்தேன். கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். அந்த அம்மா கேட்டதைச் சொன்னேன். நீங்கள் யோசிக்கவே இல்லை. "கேட்டான்னு சொல்லு," என்றீர்கள். சொன்னேன். அது உண்மையா, அந்த அம்மாவுக்காகச் சொன்னதா என்று நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்தேன். மழை பலத்த அந்த வாரத்திலேயே, ஒரு மதியத் தூக்கத்தில் நீங்கள் போய்விட்டீர்கள்.

வண்டியை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிவந்து எங்கள் வீட்டுக் கொல்லையில் நிறுத்தினோம். முதல் சில மாதங்கள் தூசி துடைக்கத்தான் போனேன். அப்புறம் லேபை மூடிவிட்டு வந்ததும் காபித் தம்ளரோடு போய் வலது இருக்கையில் உட்காரத் தொடங்கினேன். தறிக்கூடத்துச் செய்தி, பிள்ளைகள் செய்தி எல்லாம் சொல்வேன். இடது பக்கத்துக் காலி இருக்கையைப் பார்த்துச் சொல்வேன். சொல்லிவிட்டு நிறுத்துவேன். பதில் வராது. தெரிந்தும் அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் கொஞ்சம் இடம் விடுவேன். சில நாள் காபி ஆறிப்போகும், கொல்லை இருட்டிப்போகும். உங்கள் தம்பி அடுக்களைப் படியில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போவது தெரியும். நான் இறங்கவில்லை.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் படியோடு திரும்பிப் போகவில்லை. கொல்லையில் இறங்கி வந்தார். என்னைத் திட்டுவார், சுவர் வைக்கப்போகிறேன் என்பார் என்று நினைத்தேன். அவர் சுற்றி வந்து இடது கதவைத் திறந்தார். உங்கள் கார்களில் ஒருநாளும் ஏறாத மனுஷன், குனிந்து, முழங்கால் இடிக்க உள்ளே வந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தினார்.

"நானும் கேக்கேன். என்ன சொல்லுதா எங்கக்கா?" என்றார்.

ஒன்றும் சொல்வதில்லை, நான்தான் பேசுகிறேன் என்றேன். அதைச் சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. அவர் என் பக்கம் திரும்பவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கையையும் வைத்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கோயிலில் நாதஸ்வரம் நின்றது. கொல்லையில் ஒரு சத்தம் இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தபோது அவர் உதடு லேசாகப் பிரிந்திருந்தது. கேட்கிறவர்களுக்கு இருக்கும் முகம் அது. அதை நான் தினமும் பார்க்கிறேன். ரிசல்ட்டைச் சொல்லும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இருக்கும்.

பிறகு அவர் தலையை ஆட்டினார்.

"சரிக்கா," என்றார்.

இறங்கி, கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டில் வழக்கம்போல இரண்டாவது தடவை ரசம் கேட்டார். அடுத்த ஞாயிறு காலையில் குளித்துவிட்டு வந்து, சாவி எங்கே என்று கேட்டார். தோப்புச் சாலை வரைக்கும் ஓட்டினார். முதலில் தடுமாறினார், கியரைக் கடித்துக் கடித்துப் போட்டார். வளைவுகள் தொடங்கியதும் அவர் கால் பிரேக்கை விட்டு விலகியது. யார் சொல்லிக்கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அவரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள் மதினி? என்னை அந்த வண்டியிலிருந்து இறக்கிவிடு என்றா, ஓட்டு என்றா? அல்லது நீங்கள் ஒன்றுமே சொல்லாதபோது, அந்த மெதுவான மனுஷன் என்னை மீட்க நடித்த நடிப்பா அது? அப்படி இருந்தால் அதற்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் அவருக்கு நடிக்கத் தெரியாது. உங்களுக்கும் அது தெரியும்.

இப்போது நான் சாயங்காலங்களில் கொல்லைக்குப் போவதில்லை. ஞாயிறு மட்டும் அவரோடு போகிறேன். அவர் ஓட்டுகிறார், சில வளைவுகளில் மெல்லச் சிரித்துக்கொள்கிறார். நான் வலப்பக்கம் திரும்பி மாமரங்களைப் பார்க்கிறேன். எனக்கு இதுவரைக்கும் ஒன்றும் கேட்டதில்லை. நம் பேச்சில் என்னுடைய பாதி மட்டும் என்னிடம் இருக்கிறது. அது வீணாகப் போகவேண்டாம் என்றுதான் இப்படி எழுதி வைக்கிறேன்.